ருத்வெல் சிலுவை: உடைத்தவர், ஒட்டியவர், படித்தவர்

ஸ்காட்லாந்தின் தெற்கு ஓரத்தில், டம்ஃப்ரீஸுக்கும் அன்னனுக்கும் நடுவே, சால்வே கழிமுகத்தை ஒட்டி ருத்வெல் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஆலயத்துக்குள், இதற்கென்றே நீட்டிக் கட்டிய அரைவட்ட மாடத்தில், தரையை நாலடி ஆழம் தோண்டி, குழிக்குள் ஒரு கற்சிலுவையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உயரம் 5 மீட்டருக்கும் மேல். கூரையில் இடிக்கக் கூடாது என்றால் தரையைத்தானே தாழ்த்த முடியும்!

இதை 8-ம் நூற்றாண்டுச் சிலுவை என்பார்கள். தப்பில்லை, ஆனால் முழுசாகச் சரியும் இல்லை. தூணும் அதன் சிற்பங்களும் 8-ம் நூற்றாண்டு. அது துண்டு துண்டாக உடைந்தது 1642. இன்று நாம் பார்க்கிற குறுக்குக் கைகளைச் செதுக்கியது 1823. கூரைக்குள் வந்தது 1887. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார், ஒவ்வொரு முடிவும் கல்லில் தழும்பாக நிற்கிறது. உடைத்தவர் கெட்டவர், ஒட்டியவர் நல்லவர் என்று இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், பல சுற்றுலாக் கையேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் விவரங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் உடைத்தவர் பாதி காப்பாற்றியிருக்கிறார், காப்பாற்றியவர் கொஞ்சம் கெடுத்திருக்கிறார். இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

8-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஸ்காட்லாந்து இல்லை. நார்தம்பிரியா என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசின் மேற்குக் கரை. அங்கே அரசும் மடங்களும் பேசிய மொழி பழைய ஆங்கிலம், வழிபட்ட மொழி லத்தீன். அந்த இரண்டும் இந்த ஒரே தூணில் இருக்கின்றன, அதுவும் இரண்டு வேறு எழுத்துமுறைகளில். அகலமான இரண்டு முகப்புகளிலும் விவிலியக் காட்சிகள், அவற்றைச் சுற்றி ரோமன் எழுத்தில் லத்தீன் வரிகள். குறுகலான இரண்டு பக்கங்களிலும் திராட்சைக் கொடி, கொடிக்குள் பழம் கொத்தும் பறவைகள், விலங்குகள். அந்தக் கொடியைச் சுற்றியுள்ள ஓரப் பட்டையில் ரூன் எழுத்துகளில் (வடக்கு ஐரோப்பாவின் ஜெர்மானிய மக்கள் பயன்படுத்திய பழைய எழுத்துமுறை) பழைய ஆங்கிலக் கவிதை.

காட்சிகளைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் சும்மா கைக்கு வந்ததை எடுத்துப் போடவில்லை. ஒரு முகப்பின் நடுவில் இயேசு இரண்டு மிருகங்களின் மேல் நிற்கிறார். மிதித்து நசுக்குவது போல அல்ல, அவை தலையைத் தாழ்த்தி அவரை ஏற்பது போல. சுற்றிலும் உள்ள லத்தீன் வரி அதையே சொல்கிறது: அவர் நீதியின் நடுவர், பாலைவனத்தில் மிருகங்களும் நாகங்களும் உலக இரட்சகரை அறிந்துகொண்டன என்று. அதற்குக் கீழே நம் கத்தோலிக்கர்கள் வனத்துச் சின்னப்பர், வனத்து அந்தோணியார் என்று சொல்கிற இரண்டு துறவிகள் பாலைவனத்தில் ஒரு அப்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே மரியாள் குழந்தையோடு கழுதைமேல் எகிப்துப் பயணம். மேலே ஆட்டுக்குட்டியை ஏந்திய ஒருவர், பெரும்பாலானவர்கள் அதை யோவான் ஸ்நானகன் என்கிறார்கள். பாலைவனம், தனிமை, அப்பம், ஆட்டுக்குட்டி. கலை வரலாற்றாளர் மேயர் ஷப்பீரோ 1944-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பாலைவனச் சரடைப் பிடித்துத்தான் இது துறவிகளின் ஆன்மிகத்தைப் பேசுகிற தூண் என்று வாதிட்டார். அதன்பின் வந்தவர்கள் வழிபாட்டு நாள்காட்டி, நற்கருணை என்று இன்னும் பல அடுக்குகளைச் சேர்த்தார்கள். ஆனாலும் ஷப்பீரோவைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை என்பது என் எண்ணம்.

மறு முகப்பில் ஒரு பெண் இயேசுவின் காலைத் தன் தலைமுடியால் துடைக்கிறாள். லூக்கா நற்செய்தியில் பரிமளத் தைலக் குப்பியோடு வருகிற அதே பெண். அவள் கை உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் பெரிதாக, தடியாக இருக்கிறது, கூந்தல் அந்தக் கையோடு சேர்ந்து அகன்ற பட்டையாக விழுகிறது. அளவு தெரியாத சிற்பி என்று இதைத் தள்ளிவிட முடியாது. பக்கத்திலேயே கொடியையும் பறவைகளையும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவள் செய்கிற காரியம் கையிலும் கூந்தலிலும் இருக்கிறது, அதனால் அதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கீழே பிறவிக் குருடன் பார்வை பெறுவது, பிறகு காபிரியேல் மரியாளிடம் வருவது, கடைசியாக அடியில், மிக மோசமாகத் தேய்ந்த நிலையில், சிலுவையில் அறையப்பட்ட காட்சி.

இவ்வளவும் ஒரே கல் இல்லை. இரண்டு பெரிய மணற்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் நிறம் கொஞ்சம் வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்தே ஒரு பெரிய சண்டை வரப்போகிறது.

1642: உத்தரவும் அதை நிறைவேற்றியவரும்

ஸ்காட்லாந்தில் 1638-க்குப் பிறகு, ஆயர்கள் வேண்டாம், போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்தே சபையை நடத்த வேண்டும் என்ற பிரஸ்பிட்டேரியன் கட்சியின் கை ஓங்கியது. அரசர் திணித்த ஆயர்களைத் தூக்கி எறிந்தார்கள், கூடவே பழைய கத்தோலிக்கச் சின்னங்களையும் துடைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார்கள். விக்கிரகச் சின்னங்களை இடிக்கச் சொல்லி 1640-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை பொதுவாக ஒரு சட்டம் போட்டது. இரண்டு வருஷம் கழித்து 1642-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கூடிய பேரவை ருத்வெல்லைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: அந்த ஆலயத்தில் உள்ள சின்னம் விக்கிரகம்தான், அதை அகற்றுகிற வேலையை வட்டாரச் சபை நிறைவேற்ற வேண்டும் என்று.

ஒரு குக்கிராமத்துக் கல்லுக்காக நாட்டின் உச்ச சபை தனித் தீர்மானம் போடுகிறது என்றால், முதல் உத்தரவு வந்தபோது ஊரில் யாரும் அசையவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்படித்தான் படுகிறது. அப்போது அங்கே போதகர் கேவின் யங். 1617-ல் பொறுப்பேற்றவர், 1671 வரை அதே ஊரில் இருந்தார். அந்த 54 வருஷத்தில் ஆயர்கள் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்தது, ஒரு அரசரின் தலை போனது, கிராம்வெல் ஆண்டார், மறுபடி அரசர் வந்தார். யங் மட்டும் நகரவே இல்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் 31 பிள்ளைகள் என்று கல்லறைக் கல்வெட்டு சொல்கிறது. நீக்குப்போக்கு தெரிந்த மனிதர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் உத்தரவை மீறவில்லை. சிலுவையைச் சாய்த்தார், அது உடைந்தது. ஆனால் பொடியாக்கவில்லை, சாலை போட ஜல்லியாக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி மறைந்துபோன சிலுவைகள் எத்தனையோ. ருத்வெல்லில் தூணின் பெரிய துண்டுகள் ஆலயத் தரையிலேயே கிடந்தன, ஊர்க்காரர்கள் அவற்றில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார்கள். சிற்பங்களின் முகத்தைக் குறிவைத்துக் கொத்தி எடுத்திருந்தால் இன்று நாம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. கேட்டதைச் செய்தேன் என்று காட்டுகிற அளவுக்குச் செய்து, அதற்கு மேல் ஒரு சுத்தியல் அடிகூட அடிக்காமல் விட்ட அந்த அரைமனசு வேலைதான் இந்தச் சிலுவையைக் காப்பாற்றிய முதல் காரியம். யங்கின் உள்நோக்கம் பக்தியா சோம்பலா பயமா என்பது வேறு விஷயம், விளைவு இதுதான்.

1697-ல் வில்லியம் நிக்கல்சன் (பிறகு கார்லைல் ஆயர் ஆனவர்) வந்து பார்க்கும்போதும் கல் ஆலயத்துக்குள்ளேயே கிடந்தது. அவர் ரூன்களை நகலெடுத்தார், 1704-ல் மறுபடி வந்தார். அவர் நகல்கள் அச்சிலும் வந்தன. ஊரில் அவர் கேட்ட கதை ஒன்று உண்டு: சிலுவை கடற்கரைப் பக்கத்துக் கற்சுரங்கத்தில் எழுத்தோடேயே கிடைத்ததாம், மாடு பூட்டி இழுத்து வந்து நிறுத்தினார்களாம், நிறுத்திய பிறகு மரம் மாதிரி வளர்ந்து கூரையைத் தொட்டதாம். வளர்கிற நந்தி, வளர்கிற பிள்ளையார் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. உடைந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், உடைக்கச் சொன்ன அதே சபையின் ஆட்கள் அந்தக் கல்லைப் பற்றி அற்புதக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில்

உண்மையான சேதம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலயத்தைப் பழுதுபார்த்து ஒழுங்குபடுத்தியபோது துண்டுகளைத் தூக்கி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். விக்கிரகம் என்ற கோபம் எல்லாம் அப்போது இல்லை. இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான்.

கோபத்தைவிட இந்த அலட்சியம் மோசமாக வேலை செய்தது. சால்வே கரையில் மழைக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. மணற்கல் என்பது மணல்துகள்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான். ஈரம் உள்ளே இறங்கும், குளிரில் உறைந்து விரியும், மேல்தோல் உரியும், பாசி பிடிக்கும். தரையில் கிடக்கிற துண்டில் மழைநீர் வடியக்கூட வழி கிடையாது. ரூன்களோ ஓரப் பட்டையில் ஆழமில்லாமல் வெட்டிய சின்ன எழுத்துகள். நிக்கல்சன் காலத்திலிருந்து 1789-ல் அச்சான படம் வரைக்கும் உள்ள நகல்களைக் கல்லோடு ஒப்பிட்டால், அன்று படிக்க முடிந்து இன்று இல்லாமல் போன எழுத்துகள் தெரிகின்றன. இன்றைய பதிப்புகளில் சதுர அடைப்புக்குள் வரும் எழுத்துகள் பல அந்தப் பழைய நகல்களின் தயவு.

சில துண்டுகள் மண்ணுக்குள்ளும் போயின. பின்னால் இந்த ஊர்ப் போதகராக வந்த ஹென்றி டங்கன் எழுதியிருக்கிற ஒரு விவரம் இதைக் காட்டுகிறது. கணவனும் மனைவியுமாக ஓர் ஏழைத் தம்பதி ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறந்துபோக, இருவரையும் ஒரே குழியில் வைக்க வழக்கத்தைவிட ஆழமாகத் தோண்டினார்கள். அந்த ஆழத்தில் சிலுவையின் மேல்பகுதித் துண்டு ஒன்று கிடைத்தது. வழக்கமான ஆழத்தோடு நிறுத்தியிருந்தால் அது இன்றும் உள்ளேதான் கிடக்கும்.

1796 ஜூலையில், சாவதற்குச் சில நாட்கள் முன்பு, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இந்த ஊர் எல்லைக்குள் இருக்கிற பிரௌ ஊற்றுக்கு உடம்பு தேற வந்திருந்தார், போதகரின் வீடான குருமனையில் தேநீரும் குடித்தார். அப்போது பழைய ஆங்கிலக் கவிதையின் மிகப் பழைய கல்வெட்டு ஒன்று கொஞ்ச தூரத்தில் மழையில் கிடந்தது, அது கவிதை என்று பூமியில் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஆய்வுக்கு இது அவசியமே இல்லாத தகவல், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

டங்கன் வருகிறார்

1799-ல் ருத்வெல் போதகராக வந்தவர் ஹென்றி டங்கன். இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1810-ல் இதே ஊரில் ஏழைகளுக்கான சேமிப்பு வங்கி தொடங்கினார், ஆறு பென்னி இருந்தால் கணக்கு தொடங்கலாம். சாதாரண வங்கிகள் 10 பவுண்டுக்குக் குறைந்தால் திரும்பிக்கூடப் பார்க்காத காலம் அது. உலகச் சேமிப்பு வங்கி இயக்கம் தன் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறது. பக்கத்துக் கற்சுரங்கத்தில் கிடைத்த புதைபடிவக் காலடித் தடங்களைப் பற்றி விஞ்ஞான முறையில் முதலில் அறிக்கை எழுதியவர்களிலும் இவர் ஒருவர். படம் வரைவார், மாதிரி உருவங்கள் செய்வார், தோட்டம் போடுவார். எதையும் சும்மா கிடக்க விடாத ஆள்.

அப்படிப்பட்டவர் கண்ணில் கல்லறைத் தோட்டத்தில் கிடந்த துண்டுகள் பட்டால் என்ன ஆகும்? 1802-ல் அவற்றைச் சேர்த்துக் குருமனைத் தோட்டத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். அதன்பின் மேல்துண்டுகள் கிடைக்கக் கிடைக்கச் சேர்த்தார். சிலுவையின் உச்சிக் கல் கிடைத்தது, குறுக்குக் கைகள் மட்டும் கிடைக்கவே இல்லை. அவர் அதோடு நிறுத்தவில்லை. 1823-ல் தானே ஒரு வடிவம் யோசித்து, உள்ளூர்க் கல்தச்சர் ஒருவரைக் கொண்டு புதுக் குறுக்குக் கைகளைச் செதுக்கிப் பொருத்திவிட்டார்.

180 வருஷத்துக்கு முன்னால் அவருடைய சபையே விக்கிரகம் என்று சாய்த்ததை அவருடைய சபையின் போதகரே எடுத்து நிறுத்துகிறார், அதுவும் மிதவாதி இல்லை, 1843-ல் சபை பிளந்தபோது கொள்கைக்காகக் குருமனையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வெளியேறிய தீவிரக் கட்சிக்காரர். சிலுவையை அவர் வழிபாட்டுப் பொருளாகப் பார்க்கவில்லை, பழம்பொருளாகப் பார்த்தார். அந்தப் பார்வை மாற்றம் இல்லாவிட்டால் இந்தக் கல் எழுந்தே இருக்காது.

அவருக்குக் கிடைக்கிற பாராட்டு நியாயமானது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, அந்தக் கைகள். மற்ற இடத்தில் கிடைத்த ஒரு பழைய சிலுவையின் கையைப் பார்த்து நகல் செய்ததல்ல அது. அவர் கற்பனை. நடுவில் முக்கோணம் வைத்த அலங்காரத்தைப் பார்த்து அதில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர சங்கத்தின் சின்னம் தெரிகிறது என்று பிற்காலத்தில் சொன்னார்கள். சரி, அது என்னவாக இருந்தாலும் 8-ம் நூற்றாண்டு இல்லை. முழுச் சிலுவை மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசையில் அவர் சேர்த்தது, ஏதோ ஒரு நாள் யாரோ அதையும் பழசு என்று எண்ணிப் பாடம் நடத்துவார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் தூரத்தில் எடுத்த படத்தைப் பார்த்துச் சிலுவையின் உருவத்தை ரசிக்கிற ஒவ்வொருவரும், அந்த உருவத்தின் முக்கியமான பகுதியில், டங்கனைத்தான் ரசிக்கிறார்கள்.

இரண்டு, உச்சிக் கல். அதன் ஒரு பக்கத்தில் கழுகோடு ஒரு உருவம், நற்செய்தியாளர் யோவானும் அவருடைய சின்னமும் என்று கொள்கிறார்கள். இந்தக் கல்லை டங்கன் முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார் என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. அதாவது மேலே இருக்கிற சிற்பம் கீழே உள்ள வரிசையோடு சேர்ந்ததே அல்ல, மறு முகப்பு வரிசையோடு சேர்ந்தது. முகப்பு முகப்பாகப் படங்களைப் படித்து அர்த்தம் சொல்கிறவர்களுக்கு இது சின்னப் பிசகு இல்லை. கவனிக்காமல் விட்டால் வாதமே தலைகீழாகிவிடும்.

ஆனால் டங்கன் செய்த ஒரு காரியம் இரண்டையும் ஈடுகட்டுகிறது. என்ன செய்தோம், எந்தத் துண்டு எங்கே கிடைத்தது, எது புதுசு என்று எழுதி, வரைபடங்களோடு ஸ்காட்லாந்துப் பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்திடம் கொடுத்தார், 1830-களின் தொடக்கத்தில் அது அச்சாகவும் செய்தது. அந்த அறிக்கை இல்லையென்றால் புதுக் கை எது, பழைய கல் எது என்று நாம் உளியின் தடத்தை வைத்து யூகித்துக்கொண்டிருப்போம்.

படித்த கதை

ரூன்களைப் படித்த கதை இதைவிட வேடிக்கை. டங்கன் அச்சிட்ட படங்களை வைத்து ஐஸ்லாந்தைச் சேர்ந்த இரண்டு பெரிய அறிஞர்கள் முயன்றார்கள். தோர்லெய்ஃபர் ரெப் என்பவர், வயல்களைப் பாழாக்கியதற்கு ஈடாகப் பதினொரு பவுண்டு எடையுள்ள ஒரு ஞானஸ்நானப் பாத்திரத்தைக் கொடுத்ததாகக் கல் சொல்கிறது என்றார். ஃபின்னூர் மாக்னுசன் அதை மறுத்து, ஆஷ்லோஃப் என்ற பெண்ணுக்கு நிலமும் புல்வெளியும் கொடுத்த சாசனம் என்றார். இருவரும் முட்டாள்கள் இல்லை. ரூன் என்றால் ஸ்காண்டிநேவியா என்ற முடிவோடு தொடங்கினார்கள், அங்கேயே வழி தவறியது.

எழுத்து அடுக்கியிருந்த விதமும் சதி செய்தது. வழக்கமாக இப்படி ஒரு நீளப் பட்டையில் எழுத்தை மேலிருந்து கீழாக ஓடவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஒல்லியான பட்டைக்குள் இரண்டு, மூன்று எழுத்தாக இடமிருந்து வலமாக வெட்டி, அடுத்த வரிக்குத் தாவி, மறுபடி இரண்டு மூன்று எழுத்து. வார்த்தைகள் எங்கே வேண்டுமானாலும் முறிகின்றன. எந்தப் பட்டையிலிருந்து எந்தப் பட்டைக்குப் போக வேண்டும் என்றும் கண்டுபிடிக்க வேண்டும்.

1840-ல் ஆங்கிலேய மொழி அறிஞர் ஜான் மிட்செல் கெம்பிள் இந்தப் புதிரை அவிழ்த்தார். இது ஸ்காண்டிநேவிய மொழி இல்லை, நார்தம்பிரியப் பழைய ஆங்கிலம் என்று பிடித்தவுடன் வரிகள் பேச ஆரம்பித்தன. பேசுவது சிலுவை. சர்வ வல்லமையுள்ள கடவுள் தூக்குமரம் ஏறத் தன் ஆடையைக் களைந்தார், குனிய எனக்குத் துணிவில்லை, மாபெரும் அரசரை நான் ஏந்தினேன், எங்கள் இருவரையும் சேர்த்தே இகழ்ந்தார்கள், நான் இரத்தத்தில் நனைந்தேன் என்று மரமே சொல்கிறது. கெம்பிள் கல்லை மட்டும் வைத்து இதைப் படித்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் இத்தாலியின் வெர்செல்லி நகரத் தேவாலயத்தில் 1822-ல் ஃப்ரீட்ரிக் ப்ளூமே கண்டெடுத்த ஏட்டில் உள்ள ஒரு கவிதை அவர் பார்வைக்கு வந்தது. 10-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஏடு, இன்று நாம் 'சிலுவையின் கனவு' என்று சொல்கிற கவிதை. கல்லில் இருந்த வரிகள் அதில் அப்படியே இருந்தன, சில சொற்கள்தான் வேறு. தன் வாசிப்பில் ஒரு சில எழுத்துகளைத் திருத்தினால் போதும் என்று அவர் காட்டினார். ஒரு கல்வெட்டு வாசிப்புக்கு இப்படி வெளியிலிருந்து சாட்சி வந்து உறுதி செய்வது எவ்வளவு அபூர்வம் என்று கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதோடு நின்றார்களா? இல்லை. 1866-ல் ரூன் ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் உச்சிக் கல்லில் தேய்ந்துபோன சில ரூன்களை 'கேட்மன் என்னைச் செய்தார்' என்ற பொருளில் படித்து, 8-ம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிய சரித்திரத்தில் வரும் மாடு மேய்த்த கவிஞர் கேட்மன்தான் ஆசிரியர் என்று முடிவுகட்டினார். கவர்ச்சியான கதை, ரொம்ப நாள் ஓடியது. இன்று அந்த வாசிப்பை யாரும் ஏற்பதில்லை. கவிஞர் பெயர் இல்லாத கவிதை, அவ்வளவுதான்.

கூரைக்குள்

டங்கன் நிறுத்திய பிறகும் சிலுவை 1887 வரை, அதாவது 85 வருஷம், குருமனைத் தோட்டத்தில் வெட்டவெளியில் நின்றது. நிமிர்ந்து நின்றதால் தண்ணீர் வடிந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். 1887-ல் ஆலயத்தில் மாடம் கட்டி, குழி தோண்டி, உள்ளே கொண்டுவந்தார்கள், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆனது. மொத்தக் கதையிலும் யாரையும் குறைசொல்ல முடியாத முடிவு என்றால் இதுதான். குழிக்குள் நிற்பதால் கீழ்ப்பகுதி பார்ப்பதற்குச் சிரமம், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது, தூண் தன் பழைய கம்பீரத்தை இழந்து அறைக்குள் அடைபட்ட மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். மழை படவில்லை.

அது சிலுவைதானா?

முன்பு சொன்ன சண்டைக்கு வருகிறேன். 1990-களின் கடைசியில் கலை வரலாற்றாளர் ஃப்ரெட் ஓர்ட்டன் ஒரு கேள்வியைப் போட்டார்: இது முதலில் சிலுவையாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கீழ்க்கல்லும் மேல்கல்லும் வேறு வேறு கல், நிறம் வேறு, சிற்பங்களைச் சுற்றியுள்ள சட்டங்களின் அமைப்பும் முழுசாகப் பொருந்தவில்லை. கீழ்க்கல் முதலில் வெறும் தூணாகவே நின்றிருக்கலாம், ரோமானியர் விட்டுப்போன தூண்களைப் பார்த்துப் பழகிய நாடு அது. பிறகுதான் மேலே ஒரு கல் ஏற்றிச் சிலுவை ஆக்கியிருக்கலாம். இதுதான் அவர் வாதம். சிலுவை என்று முன்கூட்டியே முடிவுசெய்து டங்கன் கை வைத்ததால், நாமும் கேட்காமலே சிலுவை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் குத்துவதில் நியாயம் இருக்கிறது.

எதிர்வாதமும் வலுவானது. கவிதை இருப்பது கீழ்க்கல்லில். அங்கேயே 'நான்' என்று சிலுவை பேசுகிறது. சிலுவையாக இல்லாத ஒரு தூண் ஏன் அப்படிப் பேச வேண்டும்? ஆனால் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: அந்த ரூன்கள் அசல் திட்டத்தில் இல்லாமல், தூண் நின்ற பிறகு சேர்த்தவையாக இருக்கலாம். இரண்டு மூன்று எழுத்தாக வெட்டி வெட்டிப் போட்டிருக்கிற அந்த விநோத அடுக்கு, ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கிற கல்லில் சாரம் கட்டி நின்று செதுக்குகிறவனுக்கு வசதியான முறை. படுக்கையில் கிடக்கிற கல்லில் செதுக்கினால் நீளவாக்கில் ஓடவிடுவதுதான் இயல்பு.

என் கணிப்பு? ரூன்கள் பிற்பாடு வந்தவை என்பது எனக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கீழ்க்கல் தனித் தூண் என்பது ஒத்துப்போகவில்லை. இவ்வளவு உயரமான நினைவுத்தூணுக்குப் பொருத்தமாக ஒரே பாறையில் நீளமான கல் கிடைக்காமல் இரண்டாகப் போட்டிருக்கலாம், அது கற்சுரங்கத்தில் தினமும் நடக்கிற விஷயம்.

ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே ஒன்று இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் கம்பிரியாவில், பியூகாஸில் என்ற இடத்தில் பழைய ரோமானியக் கோட்டைக்குள் இருக்கிற புனித கத்பர்ட் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இதன் சகோதரன் நிற்கிறது. ஒரே கல், சுமார் 4.4 மீட்டர் உயரம். மிருகங்கள் மேல் நிற்கும் இயேசு அங்கேயும் உண்டு, ஆட்டுக்குட்டி ஏந்திய யோவான் உண்டு, திராட்சைக் கொடி உண்டு. கூடவே ஒரு சூரியக் கடிகாரமும் கையில் பறவையோடு ஒரு மனிதனும். அதை யாரும் உடைக்கவில்லை, யாரும் ஒட்டவுமில்லை, நட்ட குழியிலேயே நிற்கிறது. உச்சி மட்டும் 17-ம் நூற்றாண்டிலேயே தொலைந்துவிட்டது. நேர்மையான கல் என்று இதைச் சொல்லலாம்: கை இல்லையென்றால் இல்லை, யாரும் பொய்க் கை வைக்கவில்லை.

ஆனால் அதன் ரூன்களைப் போய்ப் பாருங்கள். மேற்கு முகப்பில் உள்ள நீண்ட கல்வெட்டில் சில சொற்களைத் தாண்டி உறுதியாகப் படிக்க முடியவில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் அவரவர் விருப்பத்துக்கு அரசர் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள், மறுத்தார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலான காற்றும் மழையும் செய்தது அது. கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே பட்டறைப் பழக்கம் என்று சொல்கிற இரண்டு கல்லில், விழுந்து உடைந்து அடிபட்ட கல்லில்தான் கவிதை மிஞ்சியிருக்கிறது. அது 130 வருஷத்துக்கு மேல் ஒரு கூரைக்குக் கீழே பெஞ்சாகக் கிடந்தது, அப்புறம் இன்னொரு 130 வருஷத்துக்கு மேல் கூரைக்குக் கீழே நிற்கிறது.

டங்கனின் கைகளைக் கழற்றிவிட வேண்டும், உச்சிக் கல்லைத் திருப்ப வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. 200 வருஷமாகக் காரையில் பிடித்து நிற்கிற இணைப்பைத் திறந்தால் அடிபடப்போவது புதுக் கல் இல்லை, பழைய மணற்கல். பக்கத்திலேயே தெளிவான ஒரு வரைபடம் வைத்து, எது எந்த வருஷத்துக் கல், உச்சிக் கல் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று வண்ணத்தில் காட்டினால் போதும்.

கவலைப்பட வேண்டியது பியூகாஸிலைப் பற்றித்தான். அசல் இடத்தில் நிற்பது அதன் மதிப்பு, அதனால் தொடக் கூடாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. இடத்தை மாற்றச் சொல்லவில்லை. நட்ட குழியிலேயே நிற்கட்டும், நாலு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி மேலே ஒரு கூரை போடலாம். அழகு கெடும், கல்லறைத் தோட்டத்தின் தோற்றம் கெடும், படம் எடுக்கிறவர்கள் திட்டுவார்கள். இன்னும் மிஞ்சியிருக்கிற கொடிக்காகவும் பறவைக்காகவும் அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளலாம்.